ஜோடித் தீனி

ஜனவரி 5, திங்கள்

தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. போன வருடம் கொடுத்தது வெள்ளையாகவே கிடக்கிறது. இந்த வருடம் எழுதப்போகிறேன் என்று மனைவி அபரஞ்சியிடம் சொன்னேன். "எலியோட பேசறது போதாதுன்னு இப்ப காகிதத்தோட வேறயா?" என்றாள். மார்பில் அறுவை முடிந்து, கீமோ ஊசிகள் நடந்துகொண்டிருக்கிற உடம்பு. தலைமுடி போய்விட்டது, வாய் மட்டும் பழையபடி இருக்கிறது. அது இருக்கிறவரை எனக்குத் தைரியம்தான்.

எனக்கு உத்தியோகம் எலி வளர்ப்பது. படப்பையைத் தாண்டி ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விலங்குப் பிரிவு. மருந்தோ, பூச்சிக்கொல்லியோ, சோப்போ, எதுவானாலும் கடைக்குப் போகும் முன் எங்கள் வெள்ளை எலிகளைப் பார்த்துவிட்டுத்தான் போகும். இப்போது வந்திருப்பது பலாப்பழ வாசனை. பழம் இல்லை, வாசனை மட்டும். ஐஸ்கிரீமில் போடுவதற்காகப் புட்டியில் அடைத்த எசன்ஸ். தீனியில் கலந்து மூன்று மாதம் கொடுக்க வேண்டும். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மனிதன் சாப்பிடலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டோம்.

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைப்பதற்குள் அபரஞ்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கேயே நில்லுங்க. பண்ருட்டி லாரி மாதிரி வர்றீங்க. குளிச்சிட்டு உள்ள வாங்க."

குளித்தேன். இரண்டாம் முறையும் குளித்தேன். அப்படியும் கூடத்தின் அந்தக் கோடியில்தான் இடம் கிடைத்தது.

ஜனவரி 8, வியாழன்

டாக்டர் மெஹருன்னிசா வந்து கூண்டுகளைப் பார்த்தார். எங்கள் கால்நடை மருத்துவர். வயதில் என் மகளுக்கு இளையவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன்.

பலாப்பழத் தீனி தின்கிற எலிகள் இளைக்கின்றன. கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. பிடிக்கவில்லை போலிருக்கிறது. இளைப்பது வாசனையில் உள்ள கெடுதலாலா, வெறும் பட்டினியாலா? அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. எதிரே இன்னொரு வரிசை எலிகள் வைத்திருக்கிறோம். அவற்றுக்கு வாசனை கிடையாது, நல்ல சாதாரணத் தீனி. ஆனால் பலாப்பழ எலி நேற்று எவ்வளவு தின்றதோ, அதன் ஜோடிக்கு இன்று அவ்வளவுதான். அது குறைத்தால் இதற்கும் குறையும். இரண்டும் ஒரே மாதிரி இளைத்தால் வாசனைமேல் குற்றமில்லை, பசிதான் காரணம். பலாப்பழ எலி மட்டும் கூடுதலாக இளைத்தால் உள்ளே ஏதோ கெடுதல் நடக்கிறது. இதற்கு ஜோடித் தீனி என்று பெயர்.

ஜோடி எலிதான் பாவம். அதற்கு நோவில்லை, நொடியில்லை. நல்ல பசி. யாரோ சாப்பிடாததற்கு அது பட்டினி கிடக்கிறது. நான் கதவைத் திறந்தாலே அந்த வரிசை முழுவதும் பின்னங்காலில் எழுந்து நிற்கும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அபரஞ்சிக்கு நெய் வாடை ஆகவில்லை. இரண்டு ஸ்பூனோடு சரி. மீதிப் பானையை நான் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு வடையும் வந்தது. மஸ்கட்டிலிருந்து மகள் போனில், "அப்பா, அம்மாவைச் சாப்பிட வைங்கப்பா" என்றாள். வாயில் வடை இருந்ததால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஊசிக்கு முன்னால் எடை பார்த்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியிருக்கிறாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "வெயிட் இப்படியே இறங்கக் கூடாதும்மா. உடம்பு ஊசியைத் தாங்காது. இன்னும் இறங்கினா ஊசியை நிறுத்தி வெச்சிட்டு, வேற எங்கயாவது பரவியிருக்கான்னு ஸ்கேன் பார்க்கணும்."

பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு இன்சூரன்ஸ் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்ததும் அபரஞ்சி என் முகத்தையே பார்த்தாள்.

"தனியா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கையெழுத்து வாங்கனாங்க."

ஆட்டோவில் திரும்பினோம். தாம்பரம் பாலத்தில் ஏறும்போது மெதுவாகச் சொன்னாள். "நான் சாப்பிடாததால இளைக்கலீங்க. நான் சாப்பிட்டதை அது சாப்பிடுது. எனக்குத் தெரியுது."

"அதெல்லாம் இல்லம்மே. நாலு வாய் சோறு உள்ள போனா எல்லாம் சரியாயிடும்."

"நீங்க எலி டாக்டர்கிட்ட வேலை பாக்கறவரு. மனுஷ டாக்டர் மாதிரி பேசாதீங்க."

ராத்திரிக்கு இட்லி. அவள் தட்டில் இரண்டு, அதில் ஒன்றரை உள்ளே போனது. எதைச் சாப்பிட்டாலும் பழைய சாவியைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம். என் தட்டில் ஆறு. இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று தோன்றியது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆறில் நாலரையை எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தேன். பசியில்லை.

ஜனவரி 21, புதன்

காலை, அபரஞ்சி ஒரு தோசை. நான் ஒரு தோசை. மதியம் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மோர் சாதம் நாலு ஸ்பூனாம். என் டப்பாவிலும் நாலு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு மூடினேன்.

ஜனவரி 23, வெள்ளி

கேண்டீனில் பூரி. வாசனை விலங்குப் பிரிவு வரைக்கும் வந்தது. யோசித்துப் பார்த்தால் பூரி ஒரு சாப்பாடே இல்லை. உள்ளே வெறும் காற்று.

பிப்ரவரி 2, திங்கள்

தீவன மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்த்தேன். சும்மாதான். நன்றாக இறங்கியிருக்கிறது. கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. ஜோடி எலி என்றால் இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். நான் ஏறக்குறைய இரண்டு அபரஞ்சி. சரியான ஜோடி என்று சொல்ல முடியாது. இருப்பதை வைத்துக்கொண்டுதானே பார்க்க வேண்டும்.

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அபரஞ்சிக்கு மறுபடி இரண்டு கிலோ குறைவு. டாக்டர் அதையேதான் சொன்னார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அபரஞ்சி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சந்தோஷப்படுகிற இடமா அது? ஆனாலும் சந்தோஷம். அவள் இளைத்தாள், நானும் இளைத்திருக்கிறேன். எனக்கு எந்த நோயும் இல்லையே. அப்படியென்றால் அவளைத் தின்பது நோயில்லை, வெறும் பட்டினி. அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அரைகுறைச் சோதனையைக் கொண்டுபோய் நீட்டினால் அவள் சிரிப்பாள். இன்னும் ஒரு சுற்று முடியட்டும். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் கையெழுத்துக்குத் தனியாக உள்ளே போய் வந்ததும் அவள் மறுபடி கேட்டாள், "தனியா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றனில்ல."

பிப்ரவரி 15, ஞாயிறு

பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு. நான் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டேன்.

மதியம் இரண்டு பேரும் எதிரெதிரே ரசம் சாதம். அபரஞ்சி பாதி சாப்பிட்டுவிட்டு என் தட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் தட்டைத் தள்ளி வைத்தாள். நானும் நிறுத்திக்கொண்டேன். போன மாதத்தைவிட இப்போது குறைவாகச் சாப்பிடுகிறாள். ஏன் என்று புரியவில்லை. ஊசி சேரச் சேர அப்படித்தானோ என்னவோ.

பிப்ரவரி 23, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு நோன்பு மாதம். மதியம் நான் டப்பாவைத் திறந்து உடனே மூடியதைப் பார்த்துவிட்டார்.

"சார், நோன்பு எனக்கா, உங்களுக்கா?"

"வயசாயிடுச்சு மேடம். செரிக்க மாட்டேங்குது."

"எனக்காவது சாயங்காலம் கஞ்சி உண்டு. உங்களுக்கு எப்போ?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். கூண்டு கழுவ வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இந்தத் தடவை இரண்டரை கிலோ குறைவு. டாக்டர் பழைய தாள்களைப் புரட்டினார். இன்றைய ஊசியைப் போட்டுவிடலாம், அடுத்தது இருபத்துநாலாம் தேதி, அன்றைக்கு இதிலிருந்து கால் கிலோ குறைந்தாலும் ஊசி கிடையாது, ஸ்கேன்தான் என்றார்.

வரும்போது ஆட்டோவில் அபரஞ்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வாட்ச் கையைச் சுற்றி வந்தது.

"வாட்ச் லூசா இருக்கு."

"ஸ்ட்ராப் பழசு."

வீடு வரும்வரை கையை விடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

வேலையில் ஒரு சங்கடம். பலாப்பழ எலிகள் இந்த வாரம் இன்னும் குறைவாகத் தின்கின்றன. டாக்டர் மெஹருன்னிசா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அரைநாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்.

"சார், ஜோடி வரிசை பசியில கம்பியைக் கடிக்குது. கேக்குதா? அந்தச் சத்தத்துல பலாப்பழ வரிசை பயந்து மூலையில ஒதுங்கிடுது. இது சாப்பிடலன்னா அதுக்கு நாளைக்கு இன்னும் குறையும். அது இன்னும் கடிக்கும். இது இன்னும் சாப்பிடாது. ஒப்பிட்டுப் பார்க்க வெச்சதே சோதனையைக் கெடுக்குது."

எலி கம்பி கடிக்கிற சத்தம் எனக்குக் காதில் விழுவதே இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. ஜோடி வரிசையை அடுத்த அறைக்கு மாற்றினேன். கூண்டுகள் அடுக்கிய சட்டத்தைத் தள்ளும்போது கொஞ்சம் தலை சுற்றியது.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டர் சொன்னது சரி. எதிர் வரிசை போனதும் பலாப்பழ எலிகள் நன்றாகத் தின்கின்றன. ஜோடிக்கும் தீனி கூடிற்று. அதைக் கிண்ணத்தில் போடும்போது எனக்கு அப்படியொரு நிம்மதி.

வீட்டில், அபரஞ்சி அரை தோசை. நானும் அரை தோசை.

மார்ச் 15, ஞாயிறு

துணி துவைத்து மாடியில் காயப்போடப் போனோம். ஈரச் சேலையைத் தூக்கிப் போட அவளுக்குக் கை எழும்பாது, நான்தான் போடுவேன். அவள் கிளிப் எடுத்துக் கொடுப்பாள். இரண்டு கையையும் தூக்கிச் சேலையைக் கொடியில் வீசினேன். பேண்ட் இடுப்பைவிட்டு நேராகக் கீழே இறங்கிவிட்டது.

அபரஞ்சி சிரித்தாள். அறுவைக்குப் பிறகு அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் இரண்டு கையிலும் சேலையோடு நின்றபடி சிரித்தேன். பிறகு பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"போதுங்க. இனிமே மறைக்காதீங்க. எனக்கு எத்தனை மாசம்னு டாக்டர் சொன்னாரு?"

"இன்னா மாசம்? இன்னா உளர்ற?"

"ஒவ்வொரு தடவையும் தனியா கூப்பிட்டுப் பேசறாரு. வெளிய வரும்போது மூஞ்சை கல்லு மாதிரி வெச்சிக்கினு வர்றீங்க. அன்னியிலேர்ந்து உங்களுக்குச் சோறு எறங்கல. ஆறு இட்லி துன்ற மனுஷன் ஒண்ணோட எழுந்திருக்கறீங்க. நான் போயிடுவேன்னு தெரிஞ்சுதான் நீங்க இப்படி உருகிப்போறீங்க. உங்க தட்டைப் பார்த்தா எனக்குத் தொண்டையிலேயே நிக்குதுங்க. இவரு ஒருவாய் ஒழுங்கா சாப்பிட மாட்டாரான்னு பாத்துக்கினே இருப்பேன். நீங்க தட்டை வெச்சிடுவீங்க. அப்புறம் நான் எப்படி முழுங்கறது?"

பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பலாப்பழ எலி, ஜோடி எலி, எல்லாவற்றையும் சொன்னேன். நீ எவ்வளவு சாப்பிட்டாயோ அவ்வளவுதான் நானும் சாப்பிட்டேன், உன்னைப்போலவே இளைத்துவிட்டேன், எனக்கு எந்த நோயும் இல்லை, அதனால் உன்னையும் நோய் தின்னவில்லை, இருபத்துநாலாம் தேதி கையில் கொண்டுவந்து காட்டலாம் என்றிருந்தேன் என்று சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் எதிர் வரிசையில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்று உறைத்தது. முப்பது வருடம் இதே வேலையாக இருந்து என்ன புண்ணியம்? இரண்டு மாதமாக அவள் சோற்றை நானே தடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என்னை எலி ஆக்கிட்டீங்களா?"

"நீ இல்லம்மே. நான்தான் எலி."

"பெருச்சாளி" என்றாள். "அறிவு கெட்ட பெருச்சாளி. எனக்காகப் பட்டினி கெடந்தீங்களா?"

தலையை ஆட்டினேன்.

கீழே போய் ஒரு பாவாடை நாடாவைக் கொண்டுவந்து என் இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "போய் அரைக் கிலோ மட்டன் வாங்கினு வாங்க. வாடையை நான் பாத்துக்கறேன், வாசல்ல உக்காந்துக்கறேன். நீங்களே செய்யுங்க. என் எதிர்ல உக்காந்து பழையபடி சாப்பிடணும்."

செய்தேன். தாளிக்கிறபோது தெரு வரைக்கும் போய் நின்றாள். இறக்கி ஆறவைத்த பிறகு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டேன். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொன்னேன். இரண்டாம் முறை சோறு போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தபோது அவள் கை நீண்டு என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தது. துப்பிவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

எதற்கும் சுவையே தெரியவில்லை என்றவள். இன்னும் இரண்டு வாய் எடுத்தாள்.

மார்ச் 18, புதன்

தனித் தட்டு வைத்தால் தொடுவதில்லை. என் தட்டில்தான் கை வைக்கிறாள். ஆகவே நான் நிறையச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கஷ்டமான வேலைதான், செய்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

நாளை சோதனை முடிகிறது. முடிவது என்றால் எல்லா எலிகளும் போகும். உள்ளுறுப்புகளைப் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் எடுக்க வெறும் வயிறு வேண்டும் என்பதால் இன்று சாயங்காலமே எல்லாக் கிண்ணங்களையும் எடுத்துவிட வேண்டும்.

ஜோடி வரிசைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை நிறையப் போடட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். பெருநாள் விடுமுறையில் இருந்தவர், இதற்காகவே வந்திருந்தார்.

"எனக்கும் ஆசைதான் சார். போட்டா இத்தனை நாள் அதுங்க பட்டினி கெடந்தது வீணாயிடும்."

சரிதான். கிண்ணங்களை எடுத்தேன். எல்லாம் பின்னங்காலில் எழுந்து நின்றன. என் விரலைக் கொஞ்ச நேரம் கம்பிக்குள் விட்டு வைத்திருந்தேன், முகர்ந்துவிட்டுப் போகட்டும் என்று. கடிக்கவில்லை.

டாக்டர் பெருநாள் பிரியாணி கொடுத்தனுப்பினார். "ஒரு டப்பா அம்மாவுக்கு, காரம் கம்மி" என்றார். அபரஞ்சி அவள் டப்பாவை ஒதுக்கிவிட்டு என் டப்பாவில் கை வைத்தாள்.

மார்ச் 23, திங்கள்

முடிந்தது. மயக்கம் கொடுக்கிற பெட்டியில் ஒவ்வொன்றையும் நானே எடுத்து வைத்தேன். வேறு யார் கையும் அவற்றுக்குப் பழக்கமில்லை. ஜோடி எலிகளின் முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது.

பலாப்பழ வரிசையும் ஜோடி வரிசையும் ஒரே எடை. கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கின்றன. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து முடிவு வர இன்னும் சில வாரம் ஆகும். "வெறும் பசிதான்போல சார்" என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிவிட்டுக் காலிக் கூண்டுகளைக் கழுவ எடுத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரி. அபரஞ்சி செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், பிறகு என்ன நினைத்தாளோ வளையலைத் திரும்பப் போட்டுக்கொண்டு எடை மேடையில் ஏறினாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் சோதனை கெட்டுப்போன சோதனை. அதை வைத்து யாருக்கும் எதையும் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பயம்தான்.

"பரவாயில்லையேம்மா, முக்கால் கிலோ ஏறியிருக்கு" என்றாள் நர்ஸ். "டாக்டர் இன்னிக்கு ஊசி போட்டுடுவாரு."

அபரஞ்சி இறங்கினாள். செருப்பைப் போடாமல் நின்றாள்.

"இவரையும் ஏத்திப் பாரும்மா."

"இவருக்கு எதுக்கு? இவரும் பேஷண்டா?"

"ஆமா."

என்னைப் பிடித்துத் தள்ளினாள். ஏறினேன். நர்ஸ் தாளைப் புரட்டிப் பார்த்தாள். என் பெயர் எங்கும் இல்லை.

"இவருக்கு இன்னா நோவும்மா?"

"நான்தாம்மா" என்றாள் அபரஞ்சி.

நர்ஸ் சிரித்தாள். அபரஞ்சி குனிந்து என் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்து மனதில் குறித்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன். கண் கலங்கிப்போய் எண் தெரியவில்லை.